எண்ணெயை விட்ட மச்சானோடு கரியாலூர்

கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலையூரான கரியாலூர் போக நல்ல நேரம் எது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் முதல் தடவை போனது எண்பதுகளின் கடைசியில். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தால் எந்தச் சாலை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாத காலம். சங்கராபுரத்தில் இருந்த என் மச்சான் செல்வராஜுக்கு ரத்தத்தில் கொழுப்பு ஜாஸ்தி என்று அப்போதுதான் தெரிந்திருந்தது. கடலை எண்ணெயையும் முட்டையையும் அடியோடு விட்டுவிட்டார். மலைக்காற்று பட்டால் உடம்பு தேறும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறும் முன் டீயோடு இரண்டு பப்ஸ் சாப்பிட்டார். தினமும் அப்படித்தானாம். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டியதும் வளைவுகள் தொடங்கிவிடும். இடது ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். அருவியில் ஆசை தீரக் குளித்தோம்.

இறங்கி வரும்போது கச்சிராயபாளையத்துக்கு அப்பால் ரோட்டின் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் நின்றுவிட்டது. நடந்துவிடலாம் என்றார் மச்சான். கொஞ்ச தூரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை முழுக்க வியர்வை. மறியலில் இருந்த ஒருவர் ஓடிவந்து அவர் முகத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு ஜீப் நின்றிருந்தது.

"கிளைய இழுங்கப்பா, ஜீப் போவட்டும்" என்றார் தன் ஆட்களிடம். பத்துப் பேர் சேர்ந்து வழிவிட்டார்கள். அந்த ஜீப்பிலேயே மச்சானைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் வலி அடங்கியதும், கள்ளக்குறிச்சி டாக்டரம்மா சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். எண்ணெயே தொடுவதில்லை என்றார் மச்சான். பப்ஸ் விஷயத்தை நான் சொன்னேன்.

"அதுல கையில எண்ணெயே ஒட்டலீங்களே" என்றார் மச்சான்.

"வனஸ்பதிங்க, உறைஞ்சு கெடக்கும். கடலை எண்ணெய வுட்டுட்டு அதத் தின்னுக்கினு இருந்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா.

நம்ப முடியாமல், மச்சான் பப்ஸ் சாப்பிட்ட கடையின் உள்ளே போய்ப் பார்த்தேன். டின் நிறைய வெள்ளைக் கட்டி. எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதைக் குறைக்கும் என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். நெய்யும் வெண்ணெயும் அளவு மீறினால் கெட்டதை ஏற்றும். அவற்றுக்குப் பதிலாகக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ அளவாகச் சேர்த்தால் அது குறையும். கொழுப்பு எவ்வளவு என்பதோடு, எந்தக் கொழுப்பு என்றும் கேட்க வேண்டும்.

மச்சான் வீடு திரும்பிய அன்றே கடலைச் சட்னி கேட்டார். மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு, இன்னும் பல வருஷம் இருந்தார்.

போகிறவர்களுக்கு: மழை விட்ட பிறகு போங்கள். வேகவைத்த கடலை எடுத்துப் போங்கள். இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு மலை ஏறுங்கள். நெஞ்சு இறுகினால் ஒரு அடிகூட நடக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆளைக் கூப்பிடுங்கள்.