பத்மாவதி அம்மாவுக்கு மட்டும் கேட்ட சத்தம்

கார் மெக்கானிக் தொழிலில் ஒரு கொடுமை உண்டு: வழியெல்லாம் கத்திக்கொண்டு வருகிற சத்தம், ஷெட் வாசலை மிதித்ததும் வாயை மூடிக்கொள்ளும். கார் வைத்திருப்பவர்களும் சரி, என்னைப் போல அதன் அடியில் படுத்துக் கிடப்பவர்களும் சரி, இந்த அவஸ்தையைப் பட்டுத்தான் இருப்பார்கள். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் ஷெட் போட்டுப் பதினெட்டு வருஷமாகிறது. என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரே ஒரு 'டிக் டிக்'தான். முழுசாக ஒரு வாரம்.

ரகசியம்

திங்கட்கிழமை ஜெயபால் நைனாரும் அவர் மனைவி பத்மாவதி அம்மாவும் வந்தார்கள். நைனார் முப்பது வருஷம் மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய் மில் நடத்தியவர். இப்போது மில்லை மகனிடம் கொடுத்துவிட்டு, கார் ஓட்டுவதையே வேலையாக வைத்திருக்கிறார். இடது முன் சக்கரத்தில் சத்தம் வருகிறது என்றார் அம்மா. எப்படி வருகிறது என்று கேட்டேன். ஒரு ஸ்பேனரை எடுத்து மேஜையில் தட்டிக் காட்டினார். மெதுவாகப் போனால் இப்படி, வேகம் எடுத்தால் இப்படி. தாளம் தப்பவே இல்லை.

நைனார் என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், பக்கத்து டீக்கடைக்கும் கேட்கிற குரலில் ரகசியம் சொன்னார். அம்மா ஸ்பேனரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ரகசியம் இதுதான்:

"சத்தமும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. அவ காதுதான் கோளாறு. சனிக்கெழம பாண்டிச்சேரில காது டாக்டர்கிட்ட டோக்கன் போட்டுட்டேன். அதுவரைக்கும் அவ மனசுக்காக நீ சக்கரத்த கழட்டி மாட்டு."

உளுந்து ரவுண்டு

கழற்றினேன். முதலில் சக்கரத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தட்டு, அதுதான் வீல் கேப், அதை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். கீறல் விழுந்தால் கார்காரர்கள் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டார்கள், அதனால் எந்த வண்டி வந்தாலும் எனக்கு அதுதான் முதல் வேலை. பேரிங் பார்த்தேன், பிரேக் பேட் பார்த்தேன், டயரில் கல் இருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவினேன். எல்லாம் சுத்தம். இனி ஆக்சில் ஜாயிண்ட்தான் பாக்கி. அதற்கு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வட்டம் போட வேண்டும். டவுனில் வட்டம் போட்டால் போலீஸ் பிடிக்கும் என்று தளவானூர் பக்கம் போனேன்.

அங்கே ஒரு அம்மா, வருகிற வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று உளுந்துச் செடியை ரோடு அகலத்துக்குப் பரப்பியிருந்தார். இடமில்லாமல் அதன் மேலேயே இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்து என்று சுற்றினேன். கண்ணாடியை இறக்கிக் கேட்டால் உளுந்து நெரிகிற சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. இறங்கியதும் அந்த அம்மா சொம்பில் தண்ணி கொடுத்து, இப்படிச் சுற்றுவதற்குக் காரணம் கேட்டார். ஒரு சத்தத்தைத் தேடுகிறேன் என்றேன். அவர் யோசித்துச் சொன்னது:

"இன்னும் ரெண்டு கட்டு செடி கெடக்குது. நாளைக்கும் வா, அந்தச் சத்தத்த இன்னைக்கே கண்டுபுடிச்சிடாத."

ராஜகிரி மேல் சூரியன்

ஷெட்டுக்கு வந்து, கேப்பைத் துடைத்து மாட்டி, வண்டியை அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை பத்மாவதி அம்மாவிடமிருந்து போன்: சத்தம் அப்படியே இருக்கிறது. புதன்கிழமை நைனார் வண்டியோடு வந்தார். வழக்கம்போல கேப்பை எடுத்து வைத்துவிட்டு, இந்தத் தடவை அவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அனந்தபுரம் வரை போனோம். நான் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்ட, பக்கத்தில் அவர் மில் கதையை முழுக் குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். சத்தம் வரவில்லை. இன்னொரு ரவுண்டு போகலாமா என்றேன்.

நைனார் சமணர், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். செஞ்சிக் கோட்டை மலையான ராஜகிரியின் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்த சூரியனை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"சத்தம் நாளைக்குக்கூட வரும்பா. சோறு இன்னைக்கு ஆறு மணிக்கு மேல வராது."

முன் சீட்டு

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். நைனார் பேப்பரைப் பிரித்துக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்துவிட்டார். அம்மா மட்டும் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு அந்த டாக்டரு என் காது நல்லாதான் இருக்குதுன்னு சொல்லுவாரு. அப்புறம் இவரு என்னை மூளை டாக்டர்கிட்ட கூட்டிம்போவாரு, தம்பி."

எனக்குச் சுருக்கென்றது. நாலு நாளாகச் சக்கரத்தைக் கேட்டேன், சாலையைக் கேட்டேன், சத்தத்தைக் கேட்டவரைக் காரில் ஏற்றத் தோன்றவில்லை. சரி, வாங்க என்று சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் கேப்பைக் கழற்றக் குனிந்தேன். அதைத் தொடாதே, எப்படி வந்ததோ அப்படியே ஓட்டு என்றார். ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை, கையைத் தூக்கினார். டிக். டிக். டிக். அந்த ஸ்பேனர் தாளமேதான். இறங்கிக் கேப்பை அழுத்திப் பார்த்தால், பின்பக்கம் ஒரு கிளிப் உடைந்து ஆடுகிறது. கழற்றிவிட்டு ஓட்டினேன், சத்தமில்லை. மாட்டிவிட்டு ஓட்டினேன், டிக். சத்தத்தை நானே ஒவ்வொரு முறையும் பத்திரமாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் ஊரெல்லாம் தேடியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஷெட்டுக்குத் திரும்பி, கேப்போடு நைனார் முன்னால் இரண்டு தரம் மெதுவாக ஓட்டிக் காட்டினேன். டீக்கடையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நைனார் பேப்பரை மடித்துவிட்டு, எங்கே சத்தம், ஒன்றும் கேட்கவில்லையே என்றார். அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அம்மா கைப்பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தார்.

"டோக்கன வீணாக்க வேணாம். நாளைக்கு நீங்க போங்க, தொணைக்கு இந்தத் தம்பியையும் கூட்டிம்போங்க."

போய்வந்தோம், நைனாருக்குக் காதில் மிஷின் வைத்தார்கள், என் காதையும் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னதுதான் இன்றுவரை உறுத்துகிறது.