சுரண்டாமல் பூசிய மதில்

சாந்தி அக்காவின் பிழைப்பைக் கெடுத்தது நான்தான். ஒரேயொரு சொல்லால் கெடுத்தேன்.

நீங்கள் என்னை நேரில் கண்டால் இதை நம்பமாட்டீர்கள். நான் படித்தவள். மகனுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும் முன் குப்பியில் உள்ளதை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசித்துச் சரிபார்ப்பவள். பிள்ளைமேல் இருந்த பயம்தான் இதைச் செய்வித்தது என்று சொல்லித் தப்பலாமா... தெரியவில்லை.

சாந்தி அக்கா எங்களுக்கு அடுத்த தெருவில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில், தன் வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய வருமானம். நான் வேலைக்குத் திரும்பியபோது மகனை அவரிடம் விட்டேன்.

பனி கரைந்திருந்த ஒரு பின்னேரம், அவனைக் கூட்டிவந்த கையோடு முகம் கழுவிவிட்டேன். வாய்க்குள் ஏதோ கிடந்தது. விரல் விட்டு எடுத்தேன். பெயின்ற் செதில். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சேறு.

பழைய பெயின்றில் ஈயம் இருக்கும், அது குழந்தையின் மூளையைத் தாக்கும் என்று எங்கோ வாசித்திருந்தேன். சாந்தி அக்காவின் படிக்கட்டுக் கம்பிகளும் பச்சைதானே... அதுவும் உரிந்துதானே கிடக்கிறது! செதிலைத் திசுத் தாளில் சுற்றி ஆதாரமாக வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“அக்கா, இவன் இங்க எதையும் வாயில வைக்கிறவனோ?”

“எதை வைக்காமல் விட்டவன் எண்டு கேளுங்கோ, தங்கச்சி. நேற்று என்ர செருப்பையும் ருசி பாத்திட்டான்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எதையோ மறைக்கிறாரா? அதன்பின் ஒவ்வொரு நாளும் அவர் வீட்டை வேவு பார்த்தேன். யன்னல் விளிம்பு, கதவு நிலை, மகனின் விரல் நுனிகள்... வைத்தியரிடம் கொண்டுபோய் இரத்தமும் சோதித்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

அந்தக் கிழமை கோயிலில், சாப்பாட்டு வரிசையில் ரூபா நின்றாள். அவளுடைய மகளும் சாந்தி அக்காவிடம்தான்.

“உங்கட மகன் அங்க சந்தோசமா நிக்கிறானோ?”

“ஓம், நிக்கிறான். எண்டாலும்... கவனம்.”

“ஏன், என்ன நடந்தது?”

“ஒண்டுமில்லை. கவனம் எண்டுதான் சொல்லுறன்.”

எங்கள் ஆட்கள் வாசலில் நின்று ஒருவரை வழியனுப்பும்போது அன்பாகச் சொல்கிற சொல் அது. காரணம் சொல்லாமல், குரலைத் தாழ்த்தி அதையே சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? குற்றம் சாட்டியிருந்தால் சாந்தி அக்கா பதில் சொல்லியிருப்பார். “கவனம்” என்பதற்கு அவர் எவரிடம் போய்ப் பதில் சொல்வது?

முதலில் ரூபா மகளை நிறுத்தினாள். பிறகு மற்றவர்களும் நிறுத்தினார்கள். வில்லரேயில் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், இடம் கிடைத்ததும் நானும் நிறுத்தினேன். சாந்தி அக்கா அலுவலகங்களில் துப்புரவு வேலைக்குப் போகத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

கோடையில் என் கணவர் பின்தோட்டத்து மதிலைத் திருத்த இறங்கினார். சீமெந்துப் பூச்சின் மேலிருந்த வெளிர்மஞ்சள் பெயின்ற் பாளம் பாளமாகக் கழன்றுகொண்டிருந்தது.

“இது ஆரைக் கொண்டு அடிப்பிச்சனீர்? பழசைச் சுரண்டாமல் மேலயே பூசிக் கிடக்கு.”

“நான்தான். பிறந்தநாளுக்கு.”

“நீரோ? நல்ல வேலை பாத்திருக்கிறீர். மதிலுக்கும் பவுடர் போட்டனீர் போல.”

உண்மைதான். மகனின் முதலாம் பிறந்தநாள் படங்களில், அழுக்கேறி நிறமே தெரியாமல் கிடந்த மதில் அசிங்கமாகத் தெரியக்கூடாது என்று, அவர் வேலையில் இருந்த ஒரு பகலில் அவசரமாக அடித்தேன். இப்போது அவர் சுரண்டச் சுரண்ட மஞ்சளோடு சேர்ந்து அடியில் இருந்த பழைய பெயின்றும் வந்தது.

அது பச்சை.

உள்ளே போய்த் திசுத் தாளைப் பிரித்தேன். செதிலின் சேற்றைக் கழுவினேன். மறுபக்கம் வெளிர்மஞ்சள்.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்தப் பின்னேரம் பின்வழியால் வந்து, மகனை மதிலோரம் இறக்கிவிட்டுப் பையில் சாவி தேடினேன். எவ்வளவு நேரம் தேடினேன்? செதிலைக் குப்பையில் போட்டேன். கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மதிலை மட்டும் ஒழுங்காகத் திருத்தினோம். மகனை வீட்டுக்குள் வைத்துவிட்டு, முகமூடி கட்டி, தூசி பறக்காமல் நனைத்துச் சுரண்டினோம். வெடிப்புகளை அடைத்து, நன்றாகக் காயவிட்டு, வெளிச்சுவருக்கு உரிய பெயின்றை அடித்தோம். இத்தனை பொறுமை எனக்கு எங்கிருந்து வந்தது?

போன சனிக்கிழமை சாந்தி அக்கா மகனைப் பார்க்க வந்தார். தோட்டத்தில் தேத்தண்ணி கொடுத்தேன். மதிலைக் கையால் தடவிப் பார்த்தார்.

“வடிவா அடிச்சிருக்கிறியள். முந்தி சரியா உரிஞ்சு கிடந்தது, என்ன? ஆர் அப்பிடி அடிச்சது?”

“முந்தி இருந்த ஆக்கள்,” என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். தெரிந்துதான் கேட்டாரா? இல்லை, அதுவும் என் சந்தேக புத்திதானா?

“தங்கச்சி, திரும்பப் பிள்ளையள் பாக்கலாம் எண்டு நினைக்கிறன். ரூபாவிட்ட ஒருக்காக் கதைக்கேலுமோ? நீங்கள் சொன்னால் கேப்பினம்.”

“ஓம் அக்கா, கதைக்கிறன்.”

இன்று கோயிலில் ரூபா எனக்கு முன்னால்தான் நின்றாள். திரும்பிச் சிரித்தாள். என் மதில் பெயின்றைப் பற்றிச் சொல்லாமல் சாந்தி அக்காவைப் பற்றி என்ன சொல்வது... நான் அவளுடைய மகளின் சட்டை வடிவாக இருக்கிறது என்றேன்.