தார் டிரம்மில் அக்கா செய்த அடுப்பு

அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் அனைவருக்கும் வணக்கம். "பொறுமையின் சிகரம்னு நாலு வரி எழுதுப்பா, போதும்" என்றார் பெரியப்பா. எழுத மாட்டேன். அக்கா உண்மையைச் சொன்னார், சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டார். அதற்குப் பொறுமை என்று பெயர் வைப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

அக்கா பிறந்தது மண்ணச்சநல்லூரில். அப்பா அரிசி ஆலைத் தொழிலாளி. அத்தான் காய்ச்சலில் இறந்தபோது அக்காவுக்கு முப்பது வயதுகூட இல்லை. இரண்டு பெண் குழந்தைகளோடு ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தார். திருச்சியில் ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். சுதந்திரம் வந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது.

அந்தச் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது. மூன்று மண் அடுப்புகள், ஈர விறகு. பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை அக்காவும், உதவிக்கு இருந்த முத்தம்மாளும் புகைக்குள்ளேயே நிற்க வேண்டும். புகைபோக்கி வைக்கச் சொல்லி மேனேஜரிடம் அக்கா மூன்று முறை கேட்டார். "கண்ணைத் தொடைச்சிக்கிட்டு வேலையப் பாரும்மா" என்பதுதான் கிடைத்த பதில். ஒரு நாள் கஞ்சி வடிக்கும்போது முத்தம்மாளுக்குப் பாத்திரத்தின் விளிம்பு தெரியவில்லை. கொதிக்கும் கஞ்சி முழங்கை வரை கொட்டிவிட்டது.

அதன்பின் அக்கா மேனேஜரைக் கேட்கவில்லை. சாலை போட்டவர்கள் எறிந்துவிட்டுப் போன தார் டிரம் ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, முத்தம்மாளின் புண் ஆறியதும் இருவருமாக விடுதிக் கொல்லைக்கு உருட்டி வந்தார்கள். ஒட்டியிருந்த தாரைத் தீ வைத்துப் போக்கினார்கள். காந்தி மார்க்கெட் அருகில் தகரப் பட்டறை வைத்திருந்த பாயிடம் பழைய மண்ணெண்ணெய் டின்கள் கிடைத்தன.

டிரம்முக்குள் ஒரு டின். அதுதான் தீ எரியும் இடம். இரண்டுக்கும் நடுவே என்ன நிரப்புவது என்று பாய் யோசித்தபோது, "உமிச் சாம்பல் போடுங்க. சூடு வெளிய போகாது. எங்கப்பா ஆலையில பார்த்திருக்கேன்" என்றார் அக்கா. காற்றுக்குக் கீழே ஓர் ஓட்டை. அடிப்பாகம் வெட்டிய டின்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, புகை வெளியேற ஓட்டுக் கூரைக்கு மேல் போகும் குழாய்.

"என்னம்மா இது, அடுப்பா, ரயில் இன்ஜினா?" என்று சிரித்த பாய் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

முதல் நாளே புகை நின்றது. முன்பு எரிந்ததில் பாதி விறகிலேயே சோறு வெந்தது. முத்தம்மாள் சமையலறையின் எதிர்ச் சுவரை அன்றுதான் சரியாகப் பார்த்ததாகச் சொன்னார்.

அடுத்த மாதம் விடுதியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து வியந்தார். "எல்லாம் நம்ம யோசனைதாங்க" என்றார் மேனேஜர்.

கதவருகே நின்ற அக்கா சொன்னார்: "ஐயா, அதை நானும் முத்தம்மாளும் செஞ்சோமுங்க."

அவ்வளவுதான் அவர் சொன்னது. மறுநாள் வேலை போயிற்று. வாயாடியாம்!

எங்கள் வீட்டில் பஞ்சாயத்து கூடியது. "பொம்பளைக்கு எதுக்குப் பேரு? மன்னிப்புக் கேட்டுட்டு வேலைக்குப் போ" என்றார் பெரியப்பா. நானும், "கேட்டுடேன் அக்கா" என்றேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு என் மீதே ஆத்திரம் வருகிறது.

"நான் எதுக்குடா கேக்கணும்? பொய் சொன்னது அவரு" என்றார் அக்கா.

அவர் போகவில்லை. முத்தம்மாளும் வேலையை விட்டு வந்துவிட்டார். விடுதியில் குழாயின் கரியைத் தட்ட ஆளில்லாமல் புகை திரும்பியது. அடுப்பைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு மண் அடுப்புக்கே போனார்களாம். அக்காவும் முத்தம்மாளும் ஸ்ரீரங்கத்தில் புதிதாக ஒன்று செய்து, அதை வைத்தே இட்லிக் கடை நடத்தினார்கள். முத்தம்மாளின் சாதியைச் சொல்லி, அந்தத் தெரு வழியாகப் போவதையே உறவினர் பலர் தவிர்த்தார்கள். அக்காவின் பெண்கள் இருவரும் படித்து ஆசிரியைகளானது அந்தக் கடையால்தான். உறவினர் யாராலும் அல்ல.

ஆனால் அந்த ஜன்னலில்லாத அறை அக்காவின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. கடைசி நாட்களில் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, "இவங்க பீடி பிடிப்பாங்களா?" என்று கேட்டார். விடுதிச் சமையலறையின் புகையைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலரே. கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்த அந்த மருத்துவர். துக்கத்துக்கு முதல் ஆளாக வந்த பட்டறை பாய். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாட்கள் அக்காவின் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த முத்தம்மாள். காரியத்தன்று நம்மவர்கள் அவரை வாசலுக்கு வெளியே உட்கார வைத்து, எல்லாரும் சாப்பிட்ட பிறகு இலை போட்டார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று அவர் முதல் பந்தியில், அக்காவின் பெண்களுக்கு நடுவே உட்காருவார். பரிமாறப் போவது நான். உடன்பட முடியாதவர்கள் இந்த மலரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

இப்படிக்கு,
தம்பி