ஆலியம்மாவின் தனிக் கணக்கு

ஆலியம்மா குவைத்தில் நர்ஸாகச் சேர்ந்து பத்தொன்பது வருடமாகிறது. அத்தனை வருடச் சம்பளமும் சொந்த ஊரான கேரளத்து ரான்னியில் அண்ணன் தங்கச்சனோடு சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்குக்குத்தான் போனது. போடுவது தங்கை, எடுப்பது அண்ணன். அந்தப் பணத்தில் அண்ணன் வீட்டுக்கு ஒரு மாடி எழும்பியது, அதன் மேல் இன்னொன்றும் எழும்பியது. லீவில் போகும் ஆலியம்மாவுக்கு மட்டும் ஹாலில் சோபா. அடுத்த வருடம் ஒரேயடியாக ஊர் திரும்புகிறாள். இருக்க ஒரு வீடு வேண்டாமா? அதற்கு அண்ணன் கை எட்டாத ஒரு சேமிப்புக் கணக்கு வேண்டும்.

"வட்டி எதுல ஜாஸ்தின்னு பார்ப்போம் சேச்சி," என்று போனில் நாலு வங்கிகளைத் திறந்து வைத்தாள் அறைத்தோழி ரோசிலி.

"வட்டி கிடக்கட்டும்டி. எங்க ஊர் கிளைல யாரு இருக்கான்னுதான் பார்க்கணும்."

முதல் வங்கியில் சித்தப்பா மகள் கேஷியர். இரண்டாவதின் மேனேஜர் சர்ச் பாடகர் குழுவில் தங்கச்சனுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர். மூன்றாவதின் வாசலில் துப்பாக்கியோடு நிற்பது அண்ணியின் தாய்மாமன். பணத்துக்குக் காவல் இருக்கிறதோ இல்லையோ, ஆலியம்மாவுக்கு இருந்தது.

"நாலாவது இருக்கு. வட்டி ரொம்பக் கம்மி. ரான்னில கிளையே இல்ல. காஞ்ஞங்காட்டுலதான் இருக்கு."

"அதையே போடு!"

காஞ்ஞங்காடு கேரளத்தின் வடகோடி. அந்தத் திசையில் ஆலியம்மா தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

மூன்றாம் நாள் அந்தக் கிளை மேனேஜர் விவரம் சரிபார்க்கக் கூப்பிட்டார். "எல்லாம் சரியா இருக்கு. ரான்னில வீட்டுப்பேரு என்ன?"

வீட்டுப்பேரைக் கேட்டால் சும்மா இருக்க எந்த மலையாளிக்குத் தெரியும்? "கொச்சுபறம்பில்" என்று வாய் முந்திக்கொண்டது.

"அட, தங்கச்சனோட தங்கச்சியா! உங்க அண்ணியோட ஒண்ணுவிட்ட தம்பிக்குத்தானே என் மச்சினியைக் குடுத்திருக்கு!"

ஆலியம்மா குரலைத் தாழ்த்தினாள். "சார், அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் வாயைத் திறப்பேனா!"

திறக்கவில்லைதான், பாவம். பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னார்.

மறுநாளே தங்கச்சன் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் கட்டாயப்படுத்தினார்கள், ஏதோ புதுச் சட்டம் என்று ஆலியம்மா ஜோடித்து வைத்திருந்த பொய்கள் ஒன்றும் நாக்குக்கு வரவில்லை.

"என்னடி கொச்சே, தனிக் கணக்கா?"

"ஆமா அச்சாயா. என் பேர்ல மட்டும்."

அழுகை வரும், செத்துப்போன அப்பன் பேர் வரும் என்று காத்திருந்தாள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி போகட்டும். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா பணம் யாருக்குன்னு கேட்டிருப்பாங்களே, என் பேரைத்தானே போட்டே?"

பத்தொன்பது வருடக் கோபமும் அவளுக்குச் சிரிப்பாக வந்தது.

"இல்ல அச்சாயா. நான் சாகுறதா இல்ல. வீடு கட்டப்போறேன்."