ரஹீம் பாயின் பூதக்கண்ணாடி

எண்பதுகளில் தர்மபுரிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் பேராசிரியராக இருந்தேன். வத்தல்மலையில் நான் எடுத்த வண்ணத்துப்பூச்சிப் படங்கள் மறுநாள் கண்காட்சிக்குச் செல்லவிருந்தன. பிரிண்ட் போட்டுத் தந்த ரஹீம் பாயின் ஸ்டுடியோவில், மாணவர்கள் எதிரில் இரண்டு படங்களைக் காட்டி, "இரண்டும் ஒரே இனம்" என்று விளக்கினேன். மாணவர்கள் போகும்வரை காத்திருந்த பாய், பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க சார். றெக்கை ஒரே மாதிரிதான் இருக்குது. ஆனா இதுக்கு ஒடம்பு செவப்பு, அதுக்குக் கறுப்பு. நான்தான் பிரிண்டுல கலரைக் கெடுத்துட்டனுங்களா?"

அவர் கெடுக்கவில்லை. அவை வெவ்வேறு இனங்கள், பிழை என்னுடையது. பெயர்ச்சீட்டை மாற்றினேன்.

கண்காட்சியில் எல்லோரும் என் கூரிய பார்வையைப் பாராட்டினர், பாயின் பெயரைச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டேன். அந்தப் பார்வையும், மாணவர் முன் என் மானத்தைக் காத்த பண்பும் ரஹீம் பாயுடையவை.