வள்ளம் வேண்டாம் என்று சொன்ன வாய்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். உறவுக்காரருக்குக் கடிதம் எழுதுவதென்றாலே இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் மூன்றாவதில் எழுதுவேன். ஆனால் போன புயலுக்குப் பிறகு, உதவி பிந்தி வந்ததற்குப் பொறுப்பில் இருந்தவர்கள் பழியை ஏற்க வேண்டுமா இல்லையா என்று பத்திரிகையிலும் தேத்தண்ணிக் கடையிலும் ஒரே கதையாக இருக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பள்ளிக்கூட மண்டபம் நினைவுக்கு வருகிறது.

எட்டு வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம். புதுக்குடியிருப்புக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்கு வயல் கிடைத்து ஆறாவது போகம். ஒரு கிழமையாக மழை விடவில்லை. குளம் நிரம்பித் தளும்பியது. ஆண்கள் எல்லாரும் குளக்கட்டில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். லாந்தருக்கு மண்ணெண்ணெய் முடிந்துவிட, சைக்கிள் வைத்திருந்த என்னை எங்கள் விவசாயிகள் சங்கத் தலைவர் முல்லைத்தீவுக்கு அனுப்பினார்.

அங்கே எனக்குப் பழக்கமான ஒரு சம்மாட்டியார் இருந்தார். சொந்தமாக வள்ளங்களும் ஒரு மீன் லொறியும் வைத்திருந்தவர். அவர் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது இண்டைக்கு விடுற மழையில்லை. உங்கடை தலைவரைக் கேளுங்கோ. ஓமெண்டால் ரெண்டு வள்ளத்தை ஏத்தி விடுறன். லொறி பின்னேரம் உங்கடை சந்தியாலை திரும்பும், சாரதியிட்டைச் சொல்லிவிட்டால் காணும்."

நான் மத்தியானம் வந்து தலைவரிடம் தனியாகச் சொன்னேன். அவர் குளக்கட்டில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வேண்டாமெண்டு சொல்லிவிடும் தம்பி. வள்ளத்தைக் கண்டால் சனம் பயந்து போயிடும். ஒவ்வொருத்தனும் பெண்சாதி பிள்ளையளை ஏத்தப் போயிடுவான். பிறகு குளக்கட்டிலை ஆர் நிக்கிறது? இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

நான் தலையாட்டினேன். யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய் என் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் மாட்டு வண்டிலில் ஏற்றி, புதுக்குடியிருப்பில் மேட்டு நிலத்தில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அதன் பிறகு சந்திக்குப் போய், லொறிச் சாரதியிடம் வள்ளம் வேண்டாமாம் என்று சொன்னேன்.

பொழுதுபடும் நேரம் கட்டு உடைந்தது.

உயிர்ச்சேதம் இல்லை. அதைக் கடவுள் செயல் என்றுதான் சொல்வேன். மாடுகள் போயின, விதைநெல் போயிற்று. பள்ளக் காணியில் இருந்த ஒரு பெண், பன்றிக் காவலுக்குக் கட்டியிருந்த பரணில் இரண்டு குழந்தைகளோடு ஏறி, மறுநாள் மத்தியானம் வரை நனைந்துகொண்டே இருந்தாள். அவளுடைய புருஷன் என் பக்கத்தில் மூட்டை அடுக்கியவன். கட்டின் மறுகரையில் அகப்பட்டு, அவர்கள் இருக்கும் திசையைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தான்.

குளம் உடைந்த செய்தி பஸ்ஸில் போனவர்கள் மூலம் கடற்கரைக்கு எட்டியதும், யாரும் கேட்காமலே சம்மாட்டியாரின் ஆட்கள் வள்ளங்களோடு வந்தார்கள். பரணில் இருந்தவர்களையும் அவர்களே இறக்கினார்கள். நாங்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூட மண்டபத்தில் கொண்டுவந்து விடும்போது யாரோ, "நேற்று வந்திருக்கலாமே" என்று குறைப்பட்டார்கள்.

லொறிச் சாரதிக்குக் கோபம் வந்துவிட்டது. "நேற்றே கேட்டனாங்கள். வேண்டாமெண்டு சொன்னது இந்தா நிக்கிறார், இவர்தான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் அப்போது அங்கே இல்லை. என் மனைவி பிள்ளைகள் வண்டிலில் போன விஷயமும் பொழுதுபடுவதற்குள் மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. மூன்று நாள் அந்தப் பள்ளிக்கூடத்தில் நான்தான் கஞ்சி வார்த்தேன். பரணில் இருந்த அந்தப் பெண் தன் முறை வந்ததும் கோப்பையைப் பின்னுக்கு இழுத்துவிடுவாள். வேறு யாராவது அகப்பையை வாங்கி வார்த்தால்தான் குடிப்பாள். குடும்பத்தோடு அந்த ஊரை விட்டே போய்விடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

நாலாம் நாள், எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அரசாங்கக் காரியாதிகாரி குறிப்புப் புத்தகத்தோடு விசாரிக்க வந்தார். அந்தப் பெண்தான் முதலில் எழுந்தாள். "இவரைக் கேளுங்கோ ஐயா. தன்ரை குடும்பத்தை அனுப்பிப்போட்டு எங்களுக்கு வள்ளம் வேண்டாமெண்டு சொன்னவர்."

காரியாதிகாரி நல்ல மனிதர், சண்டையை விரும்பாதவர். "அந்த மழைக்குள்ளை செய்தி மாறுபட்டிருக்கும். அப்பிடித்தானே?" என்று தலைவரைப் பார்த்தார்.

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தலைவர் தப்பியிருப்பார். என் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் எழுந்து நின்றார்.

"மாறுபடேல்லை. செய்தி எனக்குச் சரியாத்தான் வந்தது. வேண்டாமெண்டு சொன்னவன் நான். இவர் என்ரை சொல்லைக் கொண்டு போனவர், அவ்வளவுதான். வள்ளம் வந்தால் சனம் கட்டை விட்டிட்டுப் போயிடுமெண்டு நினைச்சன்."

"கட்டு நிண்டுதோ?" என்றாள் அந்தப் பெண்.

"நிக்கேல்லைப் பிள்ளை. நான் நினைச்சது பிழை. அதைவிட, உங்களைக் கேளாமல் நினைச்சது பெரிய பிழை."

பின்னால் இருந்து ஒருவர், "அப்ப தலைவர் வேலையை விடுங்கோவன்" என்றார். தலைவர் உடனே, "விடுறன்" என்றார். அதற்குள் எங்கள் திட்டத்திலேயே வாய்க்காரரான ஒரு கமக்காரர் குறுக்கிட்டார். "நல்ல கதை. விட்டிட்டுப் போய்ப் படுக்கிறது லேசு. உடைப்பை அடைச்சுத் தந்திட்டு விடுங்கோ. அதுவரைக்கும் உங்களை ஆர் விடப் போறது?" நாலு நாளுக்குப் பிறகு அன்றுதான் சிலர் சிரித்தார்கள்.

அதோடு என் பழி நீங்கியது என்று நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தலைவர் என் பங்கையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நிற்பதுபோல் எனக்குப் பட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் எழுந்தேன்.

"வண்டில் அனுப்பினது தலைவருக்குத் தெரியாது. அது நானாச் செய்தது. பக்கத்து வீடுகளுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை."

அந்தப் பெண் திரும்பவும் எழுந்தாள். "வண்டில் போனதை நானும் கண்டனான். அக்கா வீட்டிலை ஏதோ விசேஷமாக்குமெண்டு நினைச்சன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. அன்று பின்னேரம் கஞ்சி வார்க்கும்போது கோப்பையை என் முன்னால் நீட்டினாள். "இண்டைக்கெண்டாலும் உப்புப் போட்டனீங்களோ அண்ணை?" என்று கேட்டாள்.

தலைவர்கள் பழியை ஏற்றால் அவர்களுக்கு மரியாதை போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அரசியல் தெரியாது. மேலே இருப்பவர் தன் பிழையைத் தன்னுடையது என்று சொன்னபோது, கீழே இருந்த எனக்கும் என் பிழையைச் சொல்ல வாய் வந்தது. அதற்குப் பிறகுதான் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் காலை மழை விட்டிருந்தது. உடைப்பை அடைக்க எல்லாரும் மண் சுமந்தோம், தலைவரும் சுமந்தார்.