துரைக்குப் பிடித்த மேடு

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காத காரியம் ஒன்று உண்டு. பெரிய பங்களாவில் குடியிருக்கும் எங்கள் துரை, விடுமுறை வந்தால் கித்தான் கூடாரத்தோடு காட்டுக்குப் போய்த் தரையில் படுப்பார். அதற்குக் 'கேம்ப்' என்று பெயர். மழைக்கு ஒழுகும் லயத்து வரிசை வீடுகளில் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை நகரும் கூலிகள்தான் அந்தக் கூடாரத்தைச் சுமந்துபோய் அடித்துக் கொடுப்பார்கள்.

எங்கள் குடும்பமும் அப்படிக் குடிபெயர்ந்து வாழ்ந்ததுதான். ஆனால் அதை யாரும் இன்பம் என்று சொன்னதில்லை. என் தகப்பனார் இராஜாக்கமங்கலத்துக்கு அருகே பனையேறி. பதநீர்க் காலம் வந்தால் பனைவிளைக்குள் ஓலைக்குடில் கட்டிக் குடியேறுவோம். மழைத்தண்ணீர் எங்கே ஓடும், அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகும், பாம்புப் புற்று உண்டா என்றெல்லாம் பார்த்துத்தான் அவர் இடம் தேர்வார். "அடுத்த வருசமும் இங்கயே வரணும்ணு தோணணும். அதாம்ல நல்ல எடம்" என்பார். அப்படி ஓரிடத்தில் ஊற்றுத் தோண்டினார், இனிப்பான தண்ணீர். மறுவருஷம் போனபோது விளையின் சொந்தக்காரர் அதைச் சுற்றி வேலியடைத்து வாழை வைத்திருந்தார். "தண்ணி நல்லா இருக்கு, கேட்டியா" என்று தகப்பனாரிடமே சொன்னார். தகப்பனார் "ஆமா" என்றார். மிஷன் பள்ளியில் நான் படித்துத் தேறியதும், இந்த மண்ணில் நிற்காதே என்று தூத்துக்குடியில் என்னைக் கப்பலேற்றியவர் அவர்தான்.

இங்கே நான் தோட்டத்துக் குமாஸ்தா. என் மனைவி தங்கம், வந்த வருஷமே கைக்குழந்தையைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் கிடந்தாள். ஓடை வளையும் இடத்தில் ஒரு மேட்டை அவளேதான் கண்டுபிடித்தாள். அட்டை ஏறாத, வெயில் விழும் இடம். புதரை வெட்டி, அடுப்புக் கல் போட்டு, முருங்கைக் கொம்பு ஊன்றினாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கே போய் மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தின்போம். முதல் முருங்கைத் தளிர் விட்ட அன்று அவள் சிரித்தாள்.

தேயிலை விலை விழுந்து தோட்டமே சோர்ந்திருந்த சமயம், ஒரு ஞாயிறன்று துரை அந்தப் பக்கம் வந்தார். நாங்கள் எழுந்து நின்றோம். மேட்டைச் சுற்றிப் பார்த்தார். "நல்ல எடம். நான் திரும்பி வரும்" என்று அவருடைய தமிழில் சொல்லிவிட்டுப் போனார்.

"கேட்டியளா, தொரைக்கும் பிடிச்சுப்போச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம கொஞ்சம் கூட அவிப்போம். வந்தா ஒரு துண்டு குடுக்கலாம்" என்றாள் தங்கம்.

அடுத்த வாரம் கிழங்குச் சட்டியை அவள் சுமக்க, நான் பின்னால் போனேன். மேட்டில் கூடாரங்கள் நின்றன. எங்கள் அடுப்பில் துரையின் கெட்டில் கொதித்தது. முருங்கையை வெட்டியெறிந்துவிட்டு அந்த இடத்தில் கூடார முளை அடித்திருந்தார்கள். துரை என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, நன்றாக இடத்தைச் சுத்தம் செய்து வைத்தாய், இனி வருஷாவருஷம் இங்கேதான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். தமக்காகவே நான் செய்தேன் என்று நினைத்திருந்தார். நான் "எஸ் சார்" என்றேன். தகப்பனாரின் "ஆமா" அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கிற்று.

தங்கம் சட்டியை இறக்கவேயில்லை. திரும்பும் வழியில், "நம்மகிட்ட ஒரு வாக்குக் கேட்டிருக்கலாம் இல்லியா?" என்றாள்.

"நம்ம எடமா அது?"

"பின்ன எதுதான் நம்ம எடம்?"

போன வருஷம் லீவில் ஊருக்குப் போய் வீடு வைக்க நிலம் பார்த்தோம். தோவாளைப் பக்கம் கால்வாய்க்கரையில் ஒரு துண்டு, தென்னை நிழலும் நல்ல காற்றும். தங்கம் நாலாபுறமும் நடந்து பார்த்தாள்.

"இது வேண்டாம்."

"என்னட்டி கொற?"

"ஒரு கொறையும் இல்ல. அதான் வேண்டாம்."

கடைசியில் கடலோரம் உடைமுள் மண்டிய உவர்நிலம் ஒன்றை வாங்கினோம். விற்றவரே எங்களை ஒருமாதிரி பார்த்தார். எல்லைக்கல் நட்டுவிட்டுக் கப்பலேறினோம். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடைப்பக்கம் போவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறோம். அங்கே, கடலுக்கு அந்தப் பக்கம், முள்ளுக்குள் எங்கள் கற்கள் யார் கண்ணிலும் படாமல் நிற்கின்றன.